மேல்கோவில் பவனி

ஆகஸ்ட் விடுமுறைக்கு முந்தின நாள் மெஷின்களைத் துடைத்து எண்ணெய் போடுவது வருஷா வருஷம் நடப்பதுதான். இந்த வருஷம் அதோடு நிற்கவில்லை. ஊசியைக் கழற்றி உறையில் போடச் சொன்னாள் மேற்பார்வைக்காரி அர்மீதா. மின்கம்பியைச் சுருட்டி மெஷினின் கழுத்தோடு சேர்த்துக் கட்டச் சொன்னாள். மேசைக்கால்களைத் தரையோடு பிடித்திருந்த திருகாணிகளையும் தளர்த்தி வைக்க வேண்டும் என்றாள். தகரக் கூரையின் கீழே சட்டைத் துணியின் கஞ்சி வாடையும் எண்ணெய் வாடையும் கலந்து புழுங்கின. பெண்கள் மண்டியிட்டுத் துருப்பிடித்த திருகாணிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குக்கா இவ்வளவு சோடனை? மெஷினும் லீவுக்குக் கடல்ல குளிக்கப் போகுதா?" என்றாள் கைப்பட்டை தைக்கும் நீவெஸ். அக்டோபரில் அவளுக்குக் கல்யாணம். வாய் கொஞ்சம் நீளம்.

"சுவத்துக்கு வெள்ளையடிக்கறாங்க. வயரெல்லாம் புதுசா மாத்தறாங்க. நகத்தி வெச்சுத்தான அடிக்கணும்? வாய மூடிட்டுக் கையப் பாரு," என்றாள் அர்மீதா.

எர்சீலியா தன் மேசைக்காலின் திருகாணியைத் தளர்த்திக்கொண்டிருந்தாள். அவள் காலர் தைப்பவள். மெஷின் பலகையின் ஓரத்தில் அவளுடைய முழங்கை உரசி உரசி வர்ணம் போய் மரம் தெரிந்தது. கல்யாணமான மறுவருஷம் இதில் உட்கார்ந்தவள். அப்போது கொல்லேதானா என்கிற இந்த மலையூரில் ஆண்கள் மரம் வெட்டப் போவார்கள், ஆடு மேய்க்கப் போவார்கள், இல்லாவிட்டால் பெல்ஜியத்துச் சுரங்கத்துக்குப் போவார்கள். பெண்களுக்கென்று ஒரு வேலையும் கிடையாது. கடற்கரைப் பட்டணத்திலிருந்து வியானெல்லி முதலாளி வந்து சட்டைப் பட்டறை போடுகிறேன் என்றபோது, ஊர் தன் மேய்ச்சல் நிலத்தில் ஒரு துண்டை அவருக்குச் சும்மா எழுதிக் கொடுத்தது. அதற்கப்புறம் காட்டில் மரம் வெட்டக் கூடாதென்று அரசாங்கம் வேலி போட்டது. அதற்கு முன்பே எர்சீலியாவின் புருஷன் க்விரீனோவின் இடுப்பில் ஒரு மரம் சாய்ந்திருந்தது. இப்போது அவன் கோடையில் யாருக்காவது விறகு பிளப்பான், குளிர்காலத்தில் சாலைப் பனியைத் தள்ளுவான். வீட்டில் அடுப்பு எரிவதும், மகள் பட்டணத்தில் நர்ஸ் படிப்பதும் எர்சீலியாவின் காலர்களால்தான்.

மாலையில் முதலாளி தன் காரிலேயே வந்தார். கையில் பட்டணத்து மிட்டாய்ப் பெட்டிகள். வழக்கமாக அவர் பெண்கள் பக்கம் திரும்பாமல் கண்ணாடி அறைக்குள் போய்விடுவார். அன்று பெட்டியைத் தானே பிரித்து ஒவ்வொருத்தியிடமும் நீட்டினார்.

"உங்க ரோக்கோ சாமிய இந்த வருஷம் மேல்கோவிலுக்கு எடுத்துட்டுப் போங்க. ஓடு மாத்தறதுக்கு உங்க சாமியார்கிட்ட சொல்லி ஏற்பாடு பண்ணிட்டேன். பாண்டு வாத்தியமும் என் பொறுப்பு. ஒருத்தரும் வீட்ல இருக்கக் கூடாது, ஆமா!" என்று விரலை ஆட்டிச் சிரித்தார்.

பெண்கள் கை தட்டினார்கள். எர்சீலியாவும் தட்டினாள். ரோக்கோவின் சுரூபம் மேல்கோவிலுக்குப் போய் எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. தோள் கொடுக்க இளவட்டங்கள் ஊரில் இல்லையென்று, சப்பரம் தெருவைச் சுற்றிக் கோவிலுக்குத் திரும்பிவிடும். க்விரீனோவின் அப்பா மேல்கோவில் வரை தோள் மாற்றாமல் சுமந்தவர் என்று குடும்பத்தில் சொல்லிக்கொள்வார்கள். முன்வரிசையில் இடப்பக்கத் தண்டு அவர்கள் வீட்டுக்கு உரியது.

அர்மீதா க்விரீனோவின் மூத்த அக்கா. மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு அவள் மட்டும் தின்னாமல் நின்றாள்.

"சாப்பிடுங்கண்ணி," என்றாள் எர்சீலியா.

"பல்லு வலி," என்றாள் அர்மீதா.

•

திருவிழாவன்று விடிவதற்குள் வேட்டுச் சத்தம் மலையில் மோதித் திரும்பியது. பெல்ஜியத்திலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்திறங்கிய கார்கள் தெருவை அடைத்திருந்தன. வெண்கலச் சட்டிகளில் ஆட்டுக்கறி வெந்துகொண்டிருந்தது. பூசை முடிந்து சப்பரம் கோவில் வாசலைத் தாண்டியபோது, மஞ்சள் பூவையும் காகித நறுக்குகளையும் ஜன்னல்களிலிருந்து அள்ளிக் கொட்டினார்கள்.

வாதுமை மரத்தில் செதுக்கிய சுரூபம் அது. தோளில் பயணியின் மேலங்கி, கையில் கோல், தொடையில் கொள்ளைநோய்ப் புண். ஒரு விரலால் ரோக்கோ தன் புண்ணைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருப்பார். காலடியில் வாயில் ரொட்டியைக் கவ்விய நாய். பலகையோடு சேர்த்து ஒரு கன்றுக்குட்டியைவிடக் கனம். வழியில் சுமைதாங்கிக் கற்கள் உண்டு; அவற்றின் மேல்தான் சப்பரத்தை இறக்கலாம். சாமியைத் தரையில் வைத்தால் அந்த வருஷம் ஊரில் சாவு விழும் என்பார்கள்.

காட்டுப் பாதை செங்குத்தாக ஏறியது. பெல்ஜியத்திலிருந்து வந்த ஒருவன் முதல் திருப்பத்திலேயே தண்டை விட்டுவிட்டு மரத்தில் சாய்ந்தான்.

"என்னடா, பெல்ஜியத்து பீரு மலை ஏற மாட்டேங்குதா?" என்றார் பின்தண்டில் இருந்த கிழவர் தொம்மாசோ. அவருக்கே மூச்சு இரைத்தது. சிரிப்பலை பின்னால் வரை போனது.

எர்சீலியா முன்தண்டைச் சுமந்த புருஷனின் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தாள். வெள்ளைச் சட்டை நனைந்து இடுப்புப் பட்டை தெரிந்தது. அவன் வலது காலைக் கொஞ்சம் வெளியே வீசி வைத்தான். வேண்டாம் என்று இரவெல்லாம் சொல்லிப் பார்த்தாயிற்று. "எங்கப்பன் தூக்குன எடத்துல நான் இல்லாம யாரோ தூக்கறதா? போடீ," என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அர்மீதா செருப்பில்லாமல் நடந்தாள். என்ன நேர்ச்சை என்று பெண்கள் கேட்டதற்குத் தலையைக் குனிந்துகொண்டு முன்னே போனாள். பாறைச் சில்லு குத்தி அவள் குதிகாலில் ரத்தம் கசிந்திருந்தது. எர்சீலியா கைக்குட்டையைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டாள், கட்டவில்லை.

மேல்கோவில் காட்டுக்கு மேலே புல்வெளியின் தோளில் இருந்தது. புது ஓடுகள் வெயிலில் செக்கச்செவேலென்று மின்னின. சுமைதாங்கியில் சப்பரத்தை இறக்கியதும் ஆண்கள் புல்லில் விழுந்தார்கள். எலீஜியோ சாமியார் பிரசங்கத்தில் முதலாளியின் தாராள மனசைச் சொன்னார். வாளும் சிவப்புக் கோடு போட்ட கால்சட்டையுமாக மார்ஷல் சலூஸ்த்ரி சுரூபத்துக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். போலீஸ் நிலையத்தில் அவருக்குக் கீழே இருந்த இரண்டு பேரையும் பவனிக்கே கூட்டி வந்திருந்தார்.

பூசை முடிந்து மூட்டைகளைப் பிரித்தார்கள். ரொட்டி, பாலாடைக்கட்டி, பன்றி இறைச்சி, பெருஞ்சீரகம் போட்ட வளையப் பலகாரம். நீவெஸ் ஒயின் குடுவையோடு பாறை விளிம்புக்குப் போனாள். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். ஆறு, ஒற்றைப் பாலம், பாம்பு போல வளைந்து ஏறும் சாலை, ஊருக்குக் கீழே சாலையோரமாகப் பட்டறையின் தகரக் கூரை.

"எர்சீலியாக்கா, இங்க வாயேன்," என்று கூப்பிட்டாள். குரலில் சிரிப்பு இல்லை.

பட்டறையின் முன்னால் லாரிகள் நின்றன. அவ்வளவு உயரத்திலிருந்து தீப்பெட்டி அளவு. பின்கதவு திறந்த ஒன்றுக்கும் பட்டறைக் கதவுக்கும் நடுவே ஆட்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள். இரண்டு இரண்டு பேராக எதையோ தூக்கினார்கள். ஏற்கெனவே தார்ப்பாய் போர்த்திய ஒரு லாரி பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"வெள்ளையடிக்கறவங்க சாமான் கொண்டாந்திருப்பாங்க," என்றாள் பக்கத்தில் வந்த ஒருத்தி.

"கொண்டாந்தா எறக்கணும்டி. இவனுங்க ஏத்தறானுங்க," என்றாள் நீவெஸ்.

மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து விளிம்பில் நின்றார்கள். கடைசியாகப் போட்டுக் கட்டிய முடிச்சுகள், தளர்த்திய திருகாணிகள் எல்லாம் எர்சீலியாவின் விரல்களுக்கு ஒன்றாக ஞாபகம் வந்தன. அவள் திரும்பி அர்மீதாவைத் தேடினாள். அவள் மட்டும் விளிம்புக்கு வராமல் கோவில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, கீழ பாத்தீங்களா?"

அர்மீதா பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பட்டறைச் சாவி உங்ககிட்டதான இருந்துச்சு?"

"வெள்ளையடிக்க வேணும்னு கேட்டாங்க. குடுத்தேன்."

"வெள்ளையடிக்கவா கேட்டாங்க?"

"என்னையத் திட்டறதுன்னா திட்டு. நான் குடுக்கலைன்னா பூட்ட ஒடைச்சிருப்பாங்க. அவங்க பூட்டு, அவங்க ஒடைச்சா யாரு கேக்கறது?"

எர்சீலியா அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "எங்க கொண்டு போறாங்க?"

"ருமேனியாவுக்கு. அங்க பொண்ணுங்க இருக்காளுங்களாம். தொழில் தெரியாதாம். கத்துக் குடுக்க என்னையக் கூப்பிட்டாங்க. கொஞ்ச மாசத்துக்கு." அர்மீதா முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். "எனக்குப் புருஷனா இருக்கான், புள்ளையா இருக்கு? உனக்காவது அவன் இருக்கான்."

எர்சீலியாவுக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. கை எழவில்லை. எழுந்து மார்ஷலிடம் போனாள். அதற்குள் பெண்கள் அவரைச் சூழ்ந்திருந்தார்கள்.

"மார்ஷலய்யா, பாலத்துல நிறுத்தச் சொல்லுங்கய்யா. ஆளனுப்புங்க."

சலூஸ்த்ரி கையால் வெயிலை மறைத்துக் கீழே நெடுநேரம் பார்த்தார். அவருக்குச் சங்கடம்தான். தெற்கே எங்கோ பிறந்தவர். இந்த ஊரில்தான் அவர் பிள்ளைகள் படித்தன. அவர் போட்டிருந்த சட்டையே பட்டறையில் தைத்ததுதான்.

"நான் என்னன்னு நிறுத்தறது? திருட்டுன்னா நிறுத்துவேன். அவர் பொருள அவர் எடுத்துட்டுப் போறார்."

"எங்க வேலைய எடுத்துட்டுப் போறாருய்யா."

"அதுக்குத் தொழிலாளர் ஆபீஸ் இருக்கு. லீவு முடிஞ்சதும் தொறப்பாங்க. மனுக் குடுங்க."

"லீவு முடிஞ்சு எதுக்குக் குடுக்கறது? காலி கொட்டாயிக்கா?" என்று கத்தினாள் நீவெஸ். அவள் ஒயின் குடுவையைப் புல்லில் எறிந்துவிட்டு, பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி குறுக்குப் பாதையில் இறங்கத் தொடங்கினாள். இளைய பெண்கள் சிலர் பின்னாலேயே ஓடினார்கள்.

க்விரீனோ எழுந்து வந்தான். விஷயம் அவன் காதுக்கு வந்துவிட்டது. அக்காவின் பக்கம் அவன் பார்க்கவில்லை.

"நீ போ. நாங்க சாமியத் தூக்கிட்டு வந்துர்றோம். சாமிய விட்டுட்டு ஓடி வர முடியாதே," என்றான்.

•

குறுக்குப் பாதை என்பது ஆடுகள் போட்ட தடம். எர்சீலியா பாதித் தூரம் ஓடினாள், பாதித் தூரம் உட்கார்ந்து சரிந்தாள். முள்ளில் சிக்கித் திருவிழாவுக்கு உடுத்திய பாவாடை கிழிந்தது. மரங்களின் இடைவெளியில் ஒவ்வொரு முறை சாலை தெரிந்தபோதும் ஒரு லாரி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. மேலிருந்து பாண்டு வாத்தியம் கேட்டது. சப்பரம் புறப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

அவள் பட்டறைக்குக் கீழே இருந்த நீரூற்றுத் திருப்பத்துக்கு வந்து சேர்ந்தபோது நீவெஸும் மற்றவர்களும் சாலையின் நடுவே கை கோத்து நின்றார்கள். எதிரே ஒரு லாரி உறுமிக்கொண்டு நின்றது. அதுதான் கடைசி. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். விலகிப் போக இடமில்லாத திருப்பம். எர்சீலியா நீவெஸின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினான். முப்பது வயதிருக்கும். கன்னத்தில் சவரம் செய்யாத முடி.

"வழி விடுங்கம்மா. சாயங்காலத்துக்குள்ள துறைமுகம் போகணும்."

"எறக்கி வெச்சுட்டுப் போ," என்றாள் நீவெஸ்.

"நான் எறக்கவா வந்தேன்? ஓட்டறதுக்கு வந்தேன். என்ன ஏத்தியிருக்காங்கன்னே எனக்குத் தெரியாது."

"தெரியாதா? எங்க எர்சீலியாக்காவோட மெஷின் ஏத்தியிருக்க. என் மெஷினு ஏத்தியிருக்க. எங்க சோத்த ஏத்தியிருக்க!"

"எனக்கும் சோறுதாம்மா இது." அவன் எஞ்சினை நிறுத்தினான். கதவைத் திறந்து படியிலேயே உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தான். ஒரு பெண் நீரூற்றில் கைகளைக் குவித்து நீர் குடித்தாள். அவனும் போய்க் குடித்துவிட்டு வந்தான். அவளுக்கு வழி விட்டுத்தான் குடித்தான்.

வாத்தியச் சத்தம் நெருங்கியது. மலைப்பாதை சாலையில் சேருகிற இடம் அந்தத் திருப்பம்தான். முதலில் சிலுவை தெரிந்தது. பிறகு கொடிகள். பிறகு ரோக்கோவின் தலை புதர்களுக்கு மேலே ஆடி ஆடி வந்தது. சுமப்பவர்களின் முகங்கள் செங்கல் நிறத்தில் இருந்தன. மார்ஷல் தன் ஆட்களோடு முன்னால் விரைந்து வந்தார். லாரியைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார்.

"பொதுச் சாலைய மறிக்கறது குற்றம். விலகுங்க."

"மேல நின்னு கேட்டப்ப ஒண்ணும் பண்ண முடியாதுன்னீங்களே?" என்றாள் எர்சீலியா. அவளுக்கே அவள் குரல் அந்நியமாக இருந்தது.

"அது வேற, இது வேற."

அப்போது க்விரீனோ முன்தண்டை இழுத்துத் திருப்பினான். மற்றவர்களும் அவனோடு திரும்பினார்கள். சப்பரம் சாலையின் நடுவே, லாரியின் முகத்துக்கு நேரே வந்து நின்றது. பின்னால் வந்த கூட்டம் சாலையை நிறைத்தது. மறுபடி ஏறி முன்கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்ட ஓட்டுநரைப் பார்த்தபடி ரோக்கோ தன் புண்ணைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார்.

நீவெஸ் கண்ணீரும் சிரிப்புமாகக் கத்தினாள். "பவனிக்கு நீங்கதான அனுமதி குடுத்தீங்க மார்ஷலய்யா? இது பவனி! சாமிய விலகச் சொல்லுங்க பாப்போம்!"

கூட்டத்தில் கை தட்டினார்கள். பெல்ஜியத்துக்காரன்கூட விசிலடித்தான். எர்சீலியாவுக்கும் முடியும் போலத்தான் இருந்தது. சாலை மூடிக்கிடந்தால் முதலாளிக்குத் தகவல் போகும், பட்டணத்திலிருந்து பத்திரிகைக்காரன் வருவான், ஒரு லாரியாவது ஊரில் நிற்கும். அந்த ஒன்றில் தன் மெஷின் இருக்கிறதா என்று அவள் எட்டிப் பார்த்தாள். தார்ப்பாய் இறுக்கிக் கட்டியிருந்தது.

மார்ஷல் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அனுமதி போறதுக்குத்தான். நிக்கறதுக்கு இல்ல," என்று சாமியாரிடம் போய்ச் சொன்னார். இருவரும் ஒதுங்கி நின்று பேசினார்கள்.

சுமக்கிறவர்கள் நின்றார்கள். நடக்கும்போது கனம் பகிர்ந்து மாறும். நிற்கும்போது அப்படியே எலும்பில் உட்காரும். சாலையில் நிழல் இல்லை. வாத்தியக்காரர்கள் ஒரு பாட்டை முடித்து இன்னொன்றைத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்கள். கிழவர் தொம்மாசோவின் முழங்கால்கள் ஆட ஆரம்பித்தன. ஒருவன் அவர் இடத்தை வாங்கினான். அவனும் மலை ஏறி இறங்கியவன்தான். மாற்றுவதற்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது.

எர்சீலியா போய்ப் புருஷனுக்குப் பின்னால் தண்டுக்கு அடியில் தோளைக் கொடுத்தாள். பெண்கள் சப்பரத்தைத் தொட்ட வழக்கமே கிடையாது. யாரும் தடுக்கவில்லை. நீவெஸ் மறுபக்கம் நுழைந்தாள். தண்டு எர்சீலியாவின் கழுத்தெலும்பில் இறங்கியபோதுதான், க்விரீனோ இத்தனை நேரம் எதைச் சுமந்துகொண்டிருந்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"இடுப்பு எப்படி இருக்கு?"

"பேசாத," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. அவன் வலது கால் தரையில் ஊன்றாமல் நுனியில் நின்றது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அர்மீதா வந்தாள். வெறுங்கால்கள் சிவந்து வீங்கியிருந்தன. தண்டைப் பிடிக்கக் கையை நீட்டினாள்.

"தொடாத," என்றாள் நீவெஸ்.

அர்மீதா தம்பியைப் பார்த்தாள். க்விரீனோ அவளைப் பார்க்கவில்லை. அவன் யாரையும் பார்க்கிற நிலையில் இல்லை. நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் அப்படியே நின்றாள்.

எலீஜியோ சாமியார் வந்தார். நல்ல மனுஷர். பட்டறைப் பெண்களின் பிள்ளைகளுக்கெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்தவர். "புள்ளைங்களா, போதும். ஓரமா கொண்டு போங்க. சுமைதாங்கி அந்தா இருக்கு. சாமிய எறக்கி வெச்சுட்டுப் பேசுவோம்."

"எறக்கினா அவன் போயிருவான் சாமி," என்றாள் எர்சீலியா.

"நான் முதலாளிகிட்டப் பேசறேம்மா. அவர் என் பேச்சத் தட்ட மாட்டார்."

"அவரு எங்க இருக்கார்னு உங்களுக்குத் தெரியுமா?"

சாமியார் மார்ஷலைத் திரும்பிப் பார்த்தார்.

அவர்கள் நகரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்கள். எவ்வளவு நேரம் என்று பிறகு யாரும் ஒரே மாதிரி சொல்லவில்லை. பின்தண்டுக்காரன் ஒருவன் "ஏ சாமீ... ஏ சாமீ..." என்று முனகிக்கொண்டே இருந்தான். அது வேண்டுதலா வலியா என்று தெரியவில்லை.

க்விரீனோவின் கால் மடங்கியது. சத்தமில்லாமல், கதவுக் கீல் மடங்குவது போல. முன்பக்கம் சாய்ந்தது. ரோக்கோ தலைகுப்புற முன்னே வளைந்தார். கூட்டத்திலிருந்து ஒரே அலறல் எழுந்தது.

"சாமி விழுது! புடிங்க! சாமி விழுது!"

எல்லாத் திசையிலிருந்தும் கைகள் பாய்ந்தன. மார்ஷலின் ஆட்கள், வாத்தியக்காரர்கள், ஜெபமாலைக் கிழவிகள், பெல்ஜியத்துக்காரன், அர்மீதா. யார் சொன்னதென்று தெரியாமல் சப்பரம் நகர ஆரம்பித்தது. எர்சீலியா கால்களைத் தாரில் ஊன்றித் தள்ளினாள். "விடாதீங்க! இங்கயே நிறுத்துங்க!" என்று கத்தினாள். அவளுடைய சித்தி, அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும்தான் அந்தக் கைகள். "பைத்தியமாடி உனக்கு? சாமி தரையில படட்டுமா?" என்று யாரோ அவள் தோளைப் பிடித்துத் தள்ளினார்கள். தண்டு அவளையும் இழுத்துக்கொண்டு சாலையோரத்துக்குப் போனது. நீரூற்றுக்குப் பக்கத்தில், பூனைக்காஞ்சொறி முளைத்த சுமைதாங்கிக் கல்லின் மேல் சப்பரம் இறங்கியது. எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

க்விரீனோ பள்ளத்தோரம் மல்லாந்து கிடந்தான். எர்சீலியா அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். அவன் கண்களை மூடியிருந்தான். தோளில் சட்டை கிழிந்து சதை கருநீலமாகக் கன்றியிருந்தது.

"நகத்திட்டாங்களா?" என்றான்.

அவள் சட்டைக் கிழிசலை இழுத்து அவன் தோளை மூடினாள்.

மார்ஷல் சாலையின் நடுவே நின்று வெள்ளைக் கையுறை போட்ட கையால் கூட்டத்தை இரண்டாகப் பிரித்தார். இந்தப் பக்கம் போங்க, அந்தப் பக்கம் போங்க. மக்கள் பாறையோடு ஒட்டி நின்றார்கள். நீவெஸை இரண்டு போலீஸ்காரர்கள் கை தொட்டுத்தான் நகர்த்தினார்கள். அவள் உதறவில்லை. குழந்தையைப் போல நடந்தாள்.

லாரி உயிர்த்தது. மெதுவாக, மிக மெதுவாக முன்னே வந்தது. திருப்பத்தில் சாலை குறுகலாக இருந்ததால் சுமைதாங்கிக் கல்லை உரசிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. சுரூபத்துக்கு நேரே வந்ததும் நின்றது. ஓட்டுநர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, ரோக்கோவின் மேலங்கியில் பட்டுவிடாமல் பக்கவாட்டுக் கண்ணாடியை உள்பக்கமாக மடக்கினான். அதே கையால் நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். பிறகு கியரை மாற்றினான்.